கண்டிச் சீமைக்குப் போன வகையறா

கோத்தகிரிப் பக்கம் எங்களை மாதிரி குடும்பங்களைச் "சிலோன்காரங்க"ன்னுதான் சொல்வாங்க. சிலோன்ல இருந்தப்போ "இந்தியாக்காரங்க"ன்னு சொன்னாங்களாம். மூணு தலைமுறைக்கு முன்னாடி துறையூர்ப் பக்கம் இருந்து கிளம்பின குடும்பம் எப்படி இந்த மலைக்கு வந்து சேர்ந்ததுன்னு பிள்ளைங்க கேக்குறாங்க. அவங்களுக்காகவும், இதே கதையோட இங்க இருக்கிற மத்தவங்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

முதல்ல சிலோன் மலையில தேயிலை கிடையாது, காப்பிதான். காப்பிப் பழம் பறிக்கிற சீசனுக்கு நம்ம ஜனங்க போவாங்க, முடிஞ்சதும் ஊர் திரும்பிடுவாங்க. மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. காய்ச்சல்லயும் காலராவிலயும் வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1869ல காப்பிக்கு இலை நோய் வந்துச்சு. இலைக்கு அடியில மஞ்சள் பொடி மாதிரி பூத்து இலையெல்லாம் கொட்டிடும். கொஞ்ச வருஷத்துல காப்பித் தோட்டங்க அழிஞ்சு, அந்த இடத்துல தேயிலை வந்துச்சு.

விவசாயம் பண்றவங்களுக்கு இதுல ஒரு விஷயம் சட்டுனு புரியும். காப்பி வருஷத்துக்கு ஒரு சீசன். தேயிலைக் கொழுந்து அப்படி இல்ல, வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை எடுத்தே ஆகணும், வருஷம் பூரா ஆள் வேணும். அதனால தொரைமாருங்க ஆம்பளைங்களை மட்டும் கூப்பிடாம குடும்பம் குடும்பமா கூப்பிட்டாங்க. போய்த் திரும்பிக்கிட்டு இருந்த ஜனம் லயத்துல தங்கிப் போனதுக்கு அந்தச் செடிதான் காரணம்.

எங்க பூட்டன் எந்த வருஷம் போனாருன்னு எழுத்துல எதுவும் இல்ல. ஆனா தனுஷ்கோடி வரைக்கும் ரயில்ல போய்க் கப்பல் ஏறினாங்கன்னு தாத்தா சொல்வாரு. பாம்பன் ரயில் பாலம் திறந்ததே 1914லதான். அப்போ அதுக்குப் பிறகுதான் போயிருக்கணும். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தாராம். அங்க தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கிடைக்கும்னு ஆசை காட்டினாராம். மண்டபம் கேம்ப்ல அடைச்சு வச்சு ஊசி போட்டு அனுப்பினாங்க. கொடுத்த முன்பணம் கடனாச்சு. கடன் தீர்றதுக்குள்ள தாத்தா பிறந்துட்டாரு, அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல. அப்பாவும் அங்கதான், நானும் அங்கதான்.

1947 தேர்தல்ல மலையகத்து ஜனங்க ஓட்டுப் போட்டு, இலங்கை இந்திய காங்கிரஸ்ல இருந்து 7 பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினாங்க. அடுத்த வருஷமே, 1948ல, புதுக் குடியுரிமைச் சட்டம் போட்டாங்க. அதோட லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்க ஆயிட்டாங்க, ஓட்டும் போச்சு. 1964 அக்டோபர் 30ல சாஸ்திரியும் சிறிமாவோ அம்மாவும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974ல ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. சொத்து பாகப்பிரிவினைன்னாக்கூட பங்காளிங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேப்பாங்க. இதுல தோட்டத்து ஜனங்களை யாரும் உக்கார வச்சுப் பேசல.

எங்க வீட்டுலயே அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தாரு, சித்தப்பா அங்கேயே இருக்கேன்னு எழுதினாரு. ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்துக் காம்பரால இருந்தவங்க, ரெண்டு நாட்டுக்காரங்க ஆயிட்டாங்க. 1974 பஞ்சத்துல தோட்டங்கள்ல பட்டினிச் சாவு விழுந்தப்போ, அப்பா எழுதினது சரிதான்னு பாட்டி சொன்னாங்களாம். ஆனா 1977ல நாங்க கிளம்பினப்போ, சின்ன மகனை விட்டு வர மாட்டேன்னு அதே பாட்டி ஸ்டேஷன்ல விழுந்து அழுதாங்க. அந்த ரயிலுக்கு மலையகத்துல "அழுகைக் கோச்சி"ன்னே பேரு. எனக்கு அப்போ ஏழு வயசு. தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கினோம்.

மண்டபத்துல குடும்ப அட்டை கொடுத்தாங்க. அப்பாவுக்குச் சமவெளியில கடை வைக்கக் கடன் எழுதினாங்க. கொழுந்து மலையில கவ்வாத்து வெட்டத் தெரிஞ்ச மனுசன் மளிகைக் கடையில என்ன பண்ணுவாரு? ஆறு மாசம்கூடத் தாங்கல. நீலகிரியில தாயகம் திரும்பினவங்களுக்காகவே 1968ல அரசு தேயிலைத் திட்டம் ஆரம்பிச்சிருந்தாங்க, அதுதான் பின்னால டான்டீ ஆச்சு. அதுல எங்களுக்கு இடம் கிடைக்கல. தெரிஞ்சவங்க கோத்தகிரியில இருக்காங்கன்னு மலை ஏறிட்டோம். படகர் தோட்டங்கள்ல அம்மா கொழுந்து எடுத்தாங்க, அப்பா கவ்வாத்து வெட்டினாரு. பதினேழு வருஷம் சேர்த்து வாங்கினது இந்த அரை ஏக்கர். நாலு தலைமுறையா தேயிலையில நின்ன குடும்பத்துக்கு முதல் சொந்தச் செடி அதுதான்.

இதையெல்லாம் நான் தேடக் காரணம், மகளோட சாதிச் சான்றிதழ். ஒரு அலுவலகத்துல "உங்க பூர்வீகம் தமிழ்நாடுதான்னு என்ன ஆதாரம்?"னு கேட்டாங்க. தமிழ்லதான் கேட்டாங்க, நானும் தமிழ்லதான் முழிச்சேன். காலேஜ் சேர்ற தேதி நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. அப்பாவோட பழைய பாஸ்போர்ட்ல சொந்த ஊர்ப் பேரு இருந்துச்சு. துறையூர் பஸ் ஏறிட்டேன். அங்க ஒரு பெரியம்மா, எண்பது வயசுக்கு மேல இருக்கும், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "கண்டிக்குப் போன வகையறாவா?"ன்னாங்க. எங்க குலசாமி பேரை நான் சொல்றதுக்கு முன்னாடி அவங்களே சொன்னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

ஆனா அந்தப் பெரியம்மா வார்த்தையை எந்த ஆபீஸ்லயும் எடுத்துக்கல. பாஸ்போர்ட்டும் மண்டபம் குடும்ப அட்டையும்தான் வேலை செஞ்சுச்சு. அதுக்கும் ஒன்றரை வருஷம் ஆச்சு, மகளுக்கு ஒரு வருஷப் படிப்பு போச்சு.

சிலோன்ல இருந்து வந்த குடும்பங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தகரப் பெட்டிக்குள்ள அந்த ரெண்டு காகிதமும் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. கரையான் அரிக்கிறதுக்குள்ள நாலு ஜெராக்ஸ் எடுத்து, பிள்ளைங்க கையில ஆளுக்கொண்ணு கொடுங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா ஊர்ப் பேரு, குலசாமி பேரு, தோட்டத்துப் பேரு மூணையும் கேட்டு, அதுங்கூடவே எழுதி வையுங்க.