எனக்குப் பிடிக்கும்: ஸ்பானிஷில் ஒரு 'எனக்கு' வந்த கதை

ஸ்பானிஷ் கற்க ஆரம்பிக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'புத்தகம் எனக்குப் பிடிக்கும்' என்பதை அவர்கள் 'மே குஸ்தா எல் லிப்ரோ' என்கிறார்கள். 'நான்' என்ற சொல்லே இதில் கிடையாது! 'மே' என்றால் 'எனக்கு'. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் 'ஐ லைக்' எங்கே என்று தேடுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நம் நான்காம் வேற்றுமை கைகொடுக்கும். ஆனால் இந்த 'எனக்கு' அங்கே ஆதியிலிருந்தே இருந்ததா? இல்லை என்பதுதான் சுவாரசியம்.

லத்தீனில் 'குஸ்தாரே' என்றால் சுவைத்துப் பார்ப்பது. சுவைக்கிறவர்தான் எழுவாய். பிடித்திருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு வேறொரு வினை இருந்தது, 'ப்ளாகேரே'. அதில் பிடித்தவருக்கு 'எனக்கு' வரும். அதன் வாரிசுதான் பழைய ஸ்பானிஷின் 'ப்ளாசேர்'. இடைக்காலத்து எல் சித் காவியத்தில் வருவது இதுதான்.

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் 'குஸ்தார்' மெல்லப் பிடித்தல் என்ற பொருளுக்கு நகர்ந்தது. செர்வாந்தேஸ் 'டான் கிஹோத்தே'யை வெளியிட்ட காலத்தில் (1605, 1615) 'நான் இதில் சுவை காண்கிறேன்' என்ற அமைப்பு சகஜம். பிறகு 'குஸ்தார்' கொஞ்சம் கொஞ்சமாக 'ப்ளாசேர்' இருந்த நாற்காலியைப் பிடித்தது. கூடவே அதன் 'எனக்கு'வையும் எடுத்துக்கொண்டது. பழைய அமைப்பு முழுதாகச் சாகவில்லை. மெக்சிகோவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், வந்தவரை உபசரிக்க 'உஸ்தேத் குஸ்தா?' என்பார். இங்கே 'உங்களுக்கு' இல்லை, 'நீங்கள்'தான். பக்கத்து வீட்டுப் போர்த்துகீசிய மொழியோ இன்றும் 'நான்' என்றே தொடங்குகிறது.

ஆங்கிலம் நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'லைக்'கின் மூதாதை 'எனக்கு'வோடுதான் வந்தது. பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபுகள் தேய்ந்தபோது, வினைக்கு முன்னால் நிற்பவரே எழுவாய் என்றாகிவிட்டது. ஸ்பானிஷிலும் பெயர்ச்சொற்களின் உருபுகள் போய்விட்டன. ஆனால் மே, தே, லே, நோஸ், ஓஸ், லெஸ் என்ற சின்னச் சொற்கள் பிழைத்துக்கொண்டன. 'லே' என்பது லத்தீனின் நான்காம் வேற்றுமைச் சொல்லான 'இல்லி'யின் பேரப்பிள்ளை.

ஆர்வத்தைச் சொல்லவும் இதே வழிதான். 'மே இன்தெரேசா லா இஸ்தோரியா' என்றால் வரலாற்றில் எனக்கு ஆர்வம். இதன் பெயர்ச்சொல்லான 'இன்தெரேஸ்' வட்டியையும் குறிக்கும். காமர்ஸ் படிக்கிற நமக்கு மறக்காது :-)

ஒரு எச்சரிக்கை. தமிழ் பாதி தூரம்தான் கூட வரும். 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்கிறோம், பிடித்த ஆள் 'உன்னை' என்று இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறார். ஸ்பானிஷில் பிடித்ததுதான் எழுவாய், வினை அதன் பின்னால் போகும். புத்தகங்கள் என்றால் 'மே குஸ்தான்', நீ என்றால் 'மே குஸ்தாஸ்'. நேராகச் சொன்னால், 'நீ எனக்கு இனிக்கிறாய்'. லத்தீனில் நாக்கு சுவை பார்த்த வினை, இன்று ஆளையே இனிக்க வைக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள், காதல் என்று எடுத்துக்கொள்வார்கள்!