இப்னு பதூதாவின் வழிச்செலவு

நெடுந்தூரம் செல்லத் துணிந்தவர் எவராயினும் புறப்படுமுன் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வர். கையில் எவ்வளவு பொருள் வேண்டும்? இரவு எங்கே தங்குவது? எதை உண்பது? ஆனால், உலகம் சுற்றிய பெரியோர்களின் வரலாற்றைப் படிக்கும்போது இக்கேள்விகளை நாம் மறந்துவிடுகிறோம். அரசவைகளின் ஆடம்பரத்தையும், கடலின் அதிசயங்களையும் கண்டு வியந்து நூலை மூடிவிடுகிறோம்.

ஹிஜ்ரி 725, ரஜப் மாதம் 2ஆம் நாள் (1325 ஜூன் 14) மொராக்கோவின் தஞ்சா நகரிலிருந்து ஓர் இளைஞர் தன்னந்தனியராய்ப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. காழிகள் தோன்றிய குடும்பம். நாடியது ஹஜ்ஜுக் கடமை. ஹஜ்ஜோடு திரும்பியிருக்க வேண்டிய அவர், தாயகம் மீண்டது 1349இல்தான். இடைப்பட்ட காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, மலபார், மாலத்தீவு, இலங்கை, நம் தமிழகத்து மஅபர் எனப் பல வெப்ப நாடுகளைக் கண்டார். பின்னர் சஹாரா பாலையைக் கடந்து மாலி நாட்டுக்கும் சென்றார். அவரே இப்னு பதூதா. இத்தனை தூரத்திற்கும் வழிச்செலவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையே இக்கட்டுரையில் கணக்குப் பார்க்க விழைகிறோம்.

முதற் கொடை

புறப்பட்ட சில வாரங்களிலேயே காய்ச்சல் கண்டது. குதிரையிலிருந்து விழுந்துவிடுவோமோ என்றஞ்சித் தம் தலைப்பாகைத் துணியாலேயே தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு வழி நடந்தார். கான்ஸ்டன்டைன் நகரை அடைந்தபோது பெருமழையில் நனைந்து அவருடைய ஆடைகள் பாழாகியிருந்தன. அந்நகரின் ஆளுநர் அவற்றை வெளுக்கச் செய்து, கிழிந்துபோன மேலாடைக்குப் பதிலாகப் புதியதொன்றை அனுப்பினார். அதன் முனையில் இரண்டு பொற்காசுகள் முடியப்பட்டிருந்தன. இப்பயணத்தில் தமக்குக் கிடைத்த முதற் கொடை இதுவென அவர் நினைவு வைத்துக் கூறியுள்ளார். கொடுத்தவர் விளம்பரம் தேடவில்லை, பெற்றவர் இரக்கவுமில்லை. முடிச்சு அவிழ்க்கப்படும்போதுதான் காசு தெரிந்தது. கொடுக்கும் முறைக்கு இதனினும் நல்ல பாடம் உண்டோ?

1326இல் திமிஷ்கு நகரை அடைந்தார். அங்கு அவர் கண்ட வக்ஃபுகளின் பட்டியல் நம்மைத் திகைக்கச் செய்வது. ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதவர் சார்பில் செல்வோருக்கு ஒரு வக்ஃபு. ஏழைப் பெண்களின் மணச்செலவுக்கு ஒன்று. சிறைப்பட்டோரை மீட்க ஒன்று. பாதைகளைச் செப்பனிட ஒன்று. வழிப்போக்கருக்கு உணவும், உடையும், ஊர் போய்ச் சேரும் செலவும் தருவதற்கென்றே தனியாக ஒன்று. ஒரு நாள் தெருவில் அடிமைச் சிறுவன் ஒருவன் சீனத்துத் தட்டொன்றைக் கை தவறி உடைத்துவிட்டு நடுங்கி நின்றான். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்ஃபின் காப்பாளரிடம் போகுமாறு அருகிலிருந்தவர் கூறினார். அங்கே தட்டின் விலை கொடுக்கப்பட்டது. சிறுவன் அடியிலிருந்து தப்பினான்.

ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை நாம் அறிவோம். அரபியில் அவருக்கு ‘இப்னுஸ் ஸபீல்’ என்று பெயர். ‘பாதையின் மகன்’ என்பது பொருள். சொந்த ஊரில் செல்வராயிருப்பினும், வழியில் கையிருப்பு இழந்தவர் பாதையின் மகனே. இந்தச் சட்டச் சொல் கல்லும் மண்ணுமாகக் கட்டடம் பெற்று நின்றதை இப்னு பதூதா கண்டார். அதன் நிழலில் தாமும் உண்டார், உறங்கினார்.

வெப்ப நாட்டு விருந்து

1330ஐ ஒட்டி அவர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மகதிஷு துறைமுகத்தை அடைந்தார். கப்பல் வந்தவுடன் ஊர் இளைஞர்கள் சிறு படகுகளில் மூடிய உணவுத் தட்டுகளோடு வருவர். ஒவ்வொருவரும் ஒரு வணிகருக்கு அதைக் கொடுத்து, இவர் என் விருந்தினர் என்பர். அவ்வணிகர் அவ்வீட்டில்தான் தங்குவார். அவருடைய சரக்கை விற்றுக் கொடுப்பதும், வேண்டியதை வாங்கிக் கொடுப்பதும் அவ்வீட்டாரின் பொறுப்பு. கல்விமானாயின் காழி அழைத்துச் செல்வார். நெய் பெய்த சோறு, இறைச்சியும் மீனும் காய்கறியும் கலந்த குழம்பு, பாலில் வெந்த வாழைக்காய், எலுமிச்சை ஊறுகாய், பச்சை இஞ்சி, மாங்காய் என அவர் அங்கு உண்டவற்றை அடுக்கும்போது நம் கடற்கரை வீடுகளின் ஸஹனே கண்முன் வருகிறது.

மாலத்தீவிலும் இதே வழக்கம். வெற்றிலையும் இளநீரும் ஏந்திப் படகில் வரும் தீவினர், வந்தவருள் ஒருவருக்கு அவற்றைக் கொடுத்துத் தம் விருந்தினராக்கிக் கொள்வர். மூட்டைகளைத் தாமே சுமந்து செல்வர். விடுதியும், தரகும், காவலும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுவதால் மொழி தெரியாத வணிகனும் அந்நாடுகளில் ஏமாறாமல் வாணிபம் செய்ய முடிந்தது.

மலபார் கரையின் வழித்துணை வேறு விதம். நிழல் மரங்கள் அடர்ந்த நெடுஞ்சாலையில் அரை மைலுக்கு ஒரு மரக்கொட்டகை, உட்காரத் திண்ணை, அருகே கிணறு, தண்ணீர் ஊற்ற ஓர் ஆள். இந்துக்களுக்குப் பாத்திரத்திலும், முஸ்லிம்களுக்குக் கையிலும் தண்ணீர் வார்க்கப்பட்டது என்பதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். ஆயினும், தண்ணீர் எவருக்கும் மறுக்கப்படவில்லை. ஒவ்வொரு தங்கலிலும் இருந்த முஸ்லிம் வீடுகளில் சமையல் ஏற்பாடு செய்துகொள்ளலாம். இப்பாதையைப் போலப் பாதுகாப்பான பாதையைத் தாம் கண்டதில்லை என்பது அவர் கருத்து.

காற்றும் கடனும்

கடல் வழியில் பணத்தினும் பெரியது பருவம். கோழிக்கோட்டில் 13 சீனக் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தும், காற்றுக்காக அவர் மூன்று மாதம் காத்திருந்தார். அப்போது அவர் ஏழைப் பயணியல்லர். டில்லி சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் சீனத்துக்கு அனுப்பிய தூதர். டில்லியில் காழியாக ஆண்டுக்கு 12,000 தீனார் பெற்றவர். அப்படியிருந்தும் 55,000 தீனார் கடன்பட்டு, சுல்தானின் கருவூலத்தால் மீட்கப்பட்டவர். சுல்தானுக்குக் காணிக்கை கொடுத்தால் பன்மடங்காகத் திரும்ப வரும் என்பதால், புதிதாய் வருவோருக்கு வணிகர்கள் முன்பணம் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். கடனே அங்கு முதலீடாயிற்று.

அந்தச் செல்வம் ஓரிரவில் கரைந்தது. கப்பலின் நல்ல அறைகளைச் சீன வணிகர்கள் போகவும் வரவும் முன்னதாகவே பிடித்துவிட்டனர். வசதியான அறை வேண்டித் தம் பொருள்களையும் ஆட்களையும் சிறிய கப்பலுக்கு மாற்றினார். தாம் மட்டும் ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கினார். புயல் எழுந்தது. சுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றிய பெருங்கப்பல் உடைந்தது. சிறு கப்பல் அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துப் போயிற்று. கடற்கரையில் அவரிடம் எஞ்சியவை பத்துத் தீனாரும், படுத்துறங்கிய விரிப்பும் மட்டுமே.

அதன்பின் மாலத்தீவு சென்று காழியானார். அங்குச் சோழிகளே நாணயம். நான்கு இலட்சம் சோழி ஒரு பொற்காசுக்கு ஈடு. சில வேளைகளில் அதற்கும் மிகுதியாகப் போகும். வங்காளத்து அரிசிக்கு மாற்றாக அச்சோழிகள் கப்பலேறின. 1344இல் இலங்கை சென்று பாவா ஆதம் மலை ஏறினார். பின்னர் மஅபர் நோக்கி வரும் வழியில் கப்பல் பழுதுற்று, ஓரிரவு முழுவதும் அதன் பின்புறத்தில் தொற்றியிருந்து கரை சேர்ந்தார். மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு மனைவி வழி உறவினர். போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வித்த அவருடைய செயலை, உறவென்று பாராமல் இப்னு பதூதா கண்டித்து எழுதியிருப்பது குறிப்பிடத்தக்கது.

மதுரையில் அப்போது கொள்ளைநோய். அவரும் கடுங்காய்ச்சலில் விழுந்தார். ஏறத்தாழ ஒரு இராத்தல் புளியைக் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்து நோய் நீங்கிற்று. நம் ஊர்ப் புளிக்கு இதைவிடப் பழைய நற்சான்று தேட வேண்டியதில்லை.

மூன்று ஆடைகள்

தமிழகத்தை விட்டு மலபார் கரை திரும்பியபோது ஹின்னூருக்கு அருகில் 12 கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் அவரைச் சூழ்ந்தனர். இலங்கை வேந்தர் தந்த மணிகள், உடைகள், வழியுணவு அனைத்தும் போயின. இடுப்பில் ஒரு காற்சட்டை மட்டும் எஞ்சியது. அந்நிலையில் கோழிக்கோட்டுக்கு வந்து ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் மேலாடை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை அனுப்பினார். பாதையின் மகன் மீண்டும் மனிதர் நடுவே நடக்கலானார்.

கான்ஸ்டன்டைனின் பொற்காசு முடிச்சுக்கும், கோழிக்கோட்டின் மூன்று ஆடைகளுக்கும் இடையே ஏறத்தாழ இருபதாண்டுகள், பல்லாயிரம் மைல்கள். ஆனால் வழக்கம் ஒன்றே. அதனால்தான் எதை இழந்தாலும் அடுத்த ஊர் வரை போக அவரால் முடிந்தது.

1352இல் மாலிப் பயணத்துக்குச் சிஜில்மாஸாவில் ஒட்டகங்களும் நான்கு மாதத் தீனியும் வாங்கினார். பாலையில், முன்னோடியாகச் செல்லும் தூதனுக்கு நூறு மிஸ்கால் பொன் கூலி. அவன் வலாத்தா சென்று செய்தி சொன்னால்தான் அவ்வூரார் நான்கு நாள் தொலைவு தண்ணீரோடு எதிர்கொண்டு வருவர்; அவன் வழியில் மாண்டால் கூட்டமே மாளவும் கூடும். ஆனால் பாலையைக் கடந்தபின் நிலைமை தலைகீழ். உப்புத்துண்டுகள், கண்ணாடி மணிகள், சிறிது வாசனைப் பொருள்கள் போதும். ஒவ்வொரு சிற்றூரிலும் பெண்கள் தினையும், பாலும், கோழியும் கொண்டுவந்து விற்பர். வழியின் பாதுகாப்பு அத்தகையது என்பதால் மூன்று தோழரோடும் ஒரு வழிகாட்டியோடும் மட்டுமே அவர் சென்றார்.

கணக்கின் மறுபக்கம்

இவ்வளவும் கூறியபின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அவருடைய முதல் அவர் கற்ற கல்வி. அரபியும் பிக்ஹும் அறிந்தவர் என்பதால் அரசவைகளில் இருக்கை கிடைத்தது. கப்பலில் துடுப்பு வலித்தவனுக்கும், மலபாரில் பல்லக்குத் தூக்கியவனுக்கும் அந்தக் கதவுகள் திறக்கவில்லை. கோழிக்கோட்டில் அவர் கப்பல் மாற்றியதே தம் அடிமைப் பெண்களோடு தனியறையில் இருப்பதற்காகத்தான். 1353இல் மாலியிலிருந்து அவர் தாயகம் திரும்பிய கூட்டத்தில் சுமார் 600 அடிமைப் பெண்கள் நடத்திச் செல்லப்பட்டனர். அவர்களும் பாதையின் மக்களே. அவர்களுக்கு எந்த ஊரில் யார் ஆடை அனுப்பினர்? நூல் அதைச் சொல்லவில்லை.

நூலைப் பற்றியும் ஒரு சொல். 1355இல் பாஸ் நகரில் அவர் சொல்ல, இப்னு ஜுஸை என்பார் எழுதி முடித்ததே அந்த ‘ரிஹ்லா’. குறிப்புகள் பலவற்றைக் கடற்கொள்ளையில் இழந்தவர் நினைவிலிருந்து கூறியது. திமிஷ்கு, மக்கா வருணனைகளில் இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தாண்ட பகுதிகளும் உண்டு. ஆதலின் ஒவ்வோர் எண்ணையும் தராசிலிட்டே கொள்ள வேண்டும். ஆனால், மூன்று ஆடைகளைப் பற்றிப் பொய் சொல்லிப் பெருமை பெற எவரும் விரும்பார்; தம் வறுமையைச் சொல்லும் இடங்களில் அவரை நாம் நம்பலாம்.

நம் கடற்கரை ஊர்களிலும் முன்னோர்கள் முஸாபர்கானாக்களைக் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், அவற்றைக் காக்க நிலமும் கடையும் எழுதி வைத்தார்கள். அவை ஒரு காலத்து அலங்காரமல்ல. கையிருப்பு இழந்த ஒருவரைப் பள்ளிவாசல் வாயிலில் காணும்போது அவர் பெயரும் ஊரும் விசாரிக்குமுன் ஆடை அனுப்பிய அந்தக் கோழிக்கோட்டு வணிகரின் பெயரை இப்னு பதூதா சொல்லவில்லை. பெயர் இல்லாத அம்மனிதரின் வரிசையில் நிற்பதற்கு நமக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஓர் ஆடையும், ஒரு வேளை உணவும், பூட்டாத ஓர் அறையும் போதும். எழுதி வைத்தவர்களின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. நம் பொறுப்பில் இருப்பது அந்த அறையின் சாவிதான்.