போறணையில் வெந்த கலியாணக் கேக்

எமது தாய்மார் காலத்தில் பளையில் கலியாணக் கேக் என்றால் அது யாழ்ப்பாணத்தில் இருந்து ரயிலில் வந்து இறங்கவேண்டும். "ஐசிங் பூவைப் பார்த்து மயங்காதேங்கோ, உள்ளே இருக்கிறதைச் சாப்பிட்டுப் பார்த்து ஓடர் கொடுங்கோ" என்பார் எமது மனையியல் ஆசிரியை. பெட்டியில் வைத்து விருந்தினருக்குக் கொடுக்கும் துண்டுதானே கேக். மேலே அடுக்கியிருப்பது இன்று பெரும்பாலும் றெஜிபோம்!

1990இல் யாழ்தேவி நின்றது. மின்சாரமும் போனது. பொருளாதாரத் தடைக்குள் கஜுவுக்குப் பதில் கச்சான், பூசணித் தோசிக்குப் பதில் சீனிப்பாகில் போட்ட பப்பாசிக்காய், பட்டருக்குப் பதில் கிடைத்த மாஜரின். கேக் அடிப்பது நாமே. வேகவைப்பது எங்கே? தெரிந்த பேக்கரிக்காரர் ஒருவர் பாண் இறக்கியபின் எமது தட்டுகளைப் போறணைக்குள் வைக்கவிட்டார். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவேண்டிய ரிச் கேக்கிற்கு விறகுப் போறணையின் அந்த இறங்குசூடு நன்றாகவே பொருந்தியது. முதல் தட்டு மட்டும் கரிந்தது. பாண் இறக்கிய கையோடு வைத்த அவசரம் எங்களுடையது.

2000 ஏப்ரல் சண்டையில் இடம்பெயர்ந்தபோது கலியாண அல்பங்கள் பல வீடுகளோடு போயின. மாஜரின் கறை படிந்த செய்முறைக் கொப்பி ஒன்று ஒருத்தியின் உடுப்புப் பையில் தப்பியது. அவளுடைய அல்பம் தப்பவில்லை.

2014 மார்ச்சில் ரயில் மீண்டும் பளைக்கு வந்தது. ஒக்டோபர் வரை அதுவே கடைசி நிலையம். அந்த மாதங்களில் எம்மில் ஒருவரின் மகளுக்குக் கொழும்பில் இருந்து கேக் வந்து இறங்கியது. கஜு, பூசணித் தோசி எல்லாம் நிறைவாக இருந்தன. கச்சான் இல்லாதது எங்களில் சிலருக்குக் குறையாகவே இருந்தது.