வேகக் கேமராவும் மோட்டார் சைக்கிளும்

வேகமாகப் போகிறவர்களைப் படம் பிடிக்கும் சாலையோரக் கேமராவை உருவாக்கியவர் யார் தெரியுமா? வேகத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு கார் பந்தய வீரர்! அவர் பெயர் மௌரிஸ் காட்சோனிடஸ். 1911-ல் ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். 1953-ல் மான்டி கார்லோ ராலியில் ஃபோர்டு ஸெஃபிர் காரை ஓட்டி வென்றவர்.

வளைவுகளில் தன் வேகத்தைத் துல்லியமாக அறிய அவர் ஒரு கருவி செய்தார். சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்கள். முதல் குழாயில் சக்கரம் ஏறியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் ஏறியதும் நின்றுவிடும். 1958-ல் இதற்கென ஒரு நிறுவனமே தொடங்கினார். பின்னாளில் ரப்பர் குழாயின் இடத்தை ரேடார் பிடித்துக்கொண்டது.

பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் கேமராப் படத்தைச் சாட்சியமாக ஏற்க வழி செய்தது. 1992-ல் லண்டனின் ட்விக்கன்ஹாம் பாலத்தில் முதல் 'காட்சோ' கேமரா வந்தது. இது வண்டியின் பின்புறத்தை அரை நொடி இடைவெளியில் இரண்டு முறை படம் எடுக்கும். சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகளை வைத்து, அந்த அரை நொடியில் வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று சரிபார்ப்பார்கள்.

அடுத்து வந்தது தென்னாப்பிரிக்காவின் 'ட்ரூவெலோ'. இது முன்புறத்தைப் படம் எடுக்கும். கார் ஓட்டுபவரின் முகமும் தெரியும், நம்பர் பிளேட்டும் தெரியும். ஆனால் மோட்டார் சைக்கிளிடம் இது தோற்றது.

காரணம் 1970-களில் இருக்கிறது. அதுவரை பிரிட்டனில் மோட்டார் சைக்கிளின் முன் மட்கார்டு மீது நீளவாக்கில் ஒரு தகடு நிற்கும். விபத்தில் நடந்து செல்பவர் உடலைக் கிழித்துவிடும் என்பதால் 1975-ல் அந்த முன் நம்பர் பிளேட் கட்டாயம் இல்லை என்றானது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1973-ல், ஹெல்மெட் கட்டாயமானது. இரண்டுமே உயிர் காக்க வந்த விதிகள். ஒன்று முகத்தை மறைத்தது, மற்றொன்று எண்ணை நீக்கியது. இருபது ஆண்டு கழித்து இப்படியொரு கேமரா வரும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

பின்புறக் கேமராவில் எண் சிக்கினாலும் ஓட்டியது யார் என்ற கேள்வி மிஞ்சும். அதற்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 172-ஆம் பிரிவு இருந்தது. ஓட்டியவர் யார் என்று வண்டியின் உரிமையாளர் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே குற்றம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதா என்று இரண்டு கார்க்காரர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007-ல் தீர்ப்பு வந்தது. 15 நீதிபதிகள் அரசின் பக்கம், 2 பேர் எதிர்ப்பக்கம். வண்டி வைத்திருப்பவர் அதற்குரிய கடமைகளையும் ஏற்றுக்கொண்டவரே என்றது நீதிமன்றம். ஹெல்மெட்டுக்குள் இருந்தவருக்கும் இதே விதிதான்.

பணமும் பிரச்சினையானது. 2000-ல் எட்டுப் பகுதிகளில், வசூலான அபராதத்திலிருந்தே கேமராச் செலவை எடுத்துக்கொள்ளும் திட்டம் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. விபத்து அதிகம் நடந்த இடங்களைப் பார்த்துத்தான் கேமரா வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆனாலும் இது சாலையோரக் கல்லாப்பெட்டி என்ற பேச்சு ஓயவில்லை. 2007-ல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

அபராதத்தை வசூலிப்பவரே அதிலிருந்து செலவுக்கு எடுத்துக்கொண்டால், நல்ல நோக்கம்கூடச் சந்தேகத்துக்கு உள்ளாகும். கேமராவின் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை வைத்தவரின் கணக்கும் மக்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.