ராணுவப் பொருட்களை சேகரிப்பது குற்றமா? அமெரிக்க சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் ராணுவ உடை, ஹெல்மெட் சேகரிப்பது பலருக்கும் பொழுதுபோக்கு. அரசே ஏலம் விடும் உபரிப் பொருட்களை வாங்கினால் தப்பில்லை.

சிக்கல் எங்கே?

2008-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, அடையாளத்தை மறைத்து இ-பே, கிரெய்க்ஸ்லிஸ்ட் தளங்களில் தேடியது. நைட் விஷன் கருவி, குண்டு துளைக்காத கவசம், எஃப்-14 போர் விமான பாகங்கள்கூட விலைக்குக் கிடைத்தன! எஃப்-14ஐ அப்போது இயக்கி வந்த ஒரே நாடு ஈரான். சில பொருட்கள் ராணுவத்திலிருந்து திருடப்பட்டவையாக இருக்கலாம் என்றது ஜிஏஓ.

வாங்கியவருக்கு என்ன ஆகும்?

திருட்டு அரசுப் பொருள் எனத் தெரிந்தே வாங்கி வைத்திருந்தால், அதன் மதிப்பு 1,000 டாலரைத் தாண்டும்போது 10 ஆண்டுகள் வரை சிறை. ‘காசு கொடுத்துதானே வாங்கினேன்’ என்பது எடுபடாது. ராணுவத்தை விட்டு அது எப்படி வெளியே வந்தது, ஏல ரசீது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவதே சேஃப்.