காசு கேட்கப் போன மாணவர்கள்

பல்கலைக்கழகத்தில் ஒரு சங்கத்துக்குப் பொறுப்பெடுத்தால் முதல் கூட்டத்திலேயே வாற கேள்வி, "காசுக்கு என்ன செய்யிறது?" என்பதுதான். அதுக்கான விடையும் கிட்டத்தட்ட எல்லாச் சங்கங்களிலும் ஒன்றுதான். ஒரு ஸ்பொன்சர் கடிதம் அடிக்கிறது, நாலு கம்பனிக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது, மிச்சத்துக்குக் கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் போடுறது. இரண்டு கிழமையில் காசு வந்திடும், நிகழ்வும் நடந்திடும், முகநூலில் படமும் வந்திடும்.

இப்படி வாற காசு கெட்ட காசு இல்லை. யுத்தத்துக்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போட்டது அந்தக் காசுதான். ஆனால் பாடத்திட்டத்தில் எங்கேயும் இல்லாத ஒரு பாடம் இதில் விடுபட்டுப் போகுது. எங்கட ஊர்ச் சனத்திட்ட, முகத்துக்கு முன்னால் நின்று, ஒரு பொதுக் காரியத்துக்காகக் காசு கேட்கிற பாடம். அதைச் சொந்தமாகச் செய்து பழகின மாணவர்கள் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், அதால் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

யாழ்ப்பாணம், 1927

பொதுக் காரியத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது எங்கட ஊர்களுக்குப் பழக்கமான விஷயம். உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைப் புறம்பாக எடுத்து வைத்து, கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ குடுக்கிற பிடியரிசி வழக்கத்தை அம்மம்மாக்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ஆனால் அந்தச் சேகரிப்புகளை ஊர்ப் பெரியவர்கள்தான் நடத்தினார்கள். மாணவர்கள் தாங்களே ஒரு அமைப்பாகி இறங்கியது 1920களில்.

1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று அறியப்பட்டது இந்த அமைப்புத்தான். அதில் முன்னுக்கு நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம். அப்போது அவருக்கு 25 வயது. பெயரில் 'மாணவர்' என்று இருந்தாலும் இளம் ஆசிரியர்களும் உள்ளே இருந்தார்கள். சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக இருந்தார்கள். சுயராஜ்யம், தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு, இனங்களின் ஒற்றுமை என்பவைதான் அவர்கள் பேசிய விஷயங்கள்.

அந்த மாணவர் காங்கிரஸின் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தார். கொழும்பு, கண்டி, காலி எல்லாம் போய், கடைசியாக 26ஆம் திகதி தொடக்கம் 29ஆம் திகதி வரை யாழ்ப்பாணத்தில் நின்றார். அந்தப் பயணத்தை இன்றைக்கு எல்லாரும் ஒரு தலைவரின் வருகையாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். உண்மையில் அவர் வந்தது காசு சேர்க்க. கதர் வேலைக்கு நிதி திரட்டுவதுதான் பயணத்தின் வெளிப்படையான நோக்கம். ஏழைகளைத் தரித்திர நாராயணர் என்று சொல்லி, அவர்களின் பிரதிநிதியாக வந்து கேட்கிறேன் என்றுதான் அவர் மேடைகளில் பேசினார். போன கல்லூரிகளில் மாணவர்கள் தாங்கள் சேர்த்த பணமுடிப்பை அவர் கையில் குடுத்தார்கள்.

நாலு நாளுக்குள் பல கல்லூரிகள், பல கூட்டங்கள். கைத்தொலைபேசி இல்லாத காலம். இப்படி ஒன்றை நடத்த என்ன வேண்டும் என்று, ஒரு சின்னக் கலைவிழாவை நடத்திப் பார்த்தவர்களுக்கே தெரியும். ஆர் எங்கே நிற்பது, ஆர் காசை எண்ணுவது, ஆர் அதிபரோடு கதைப்பது என்று பிரிக்க வேண்டும். காசு தர மாட்டேன் என்கிற ஆளிடம் கோபப்படாமல் விளக்கம் சொல்ல வேண்டும். "இந்தியாவில நூல் நூற்கிற சனத்துக்கு நாங்கள் ஏன் குடுக்கோணும்?" என்று கேட்டால் அதுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். விடை தெரிய வேண்டுமென்றால் கதர் என்றால் என்ன, காலனி ஆட்சியில் நெசவு எப்படி அழிந்தது என்று படித்திருக்க வேண்டும்.

வந்த விருந்தாளிக்குத் தெரிந்த பாடம்

இந்த இடத்தில் ஒருக்கா தென்னாபிரிக்காவுக்குப் போய்வர வேண்டும். காசு கேட்பதைக் காந்தி படித்தது அங்கேதான். 1894இல் நேட்டால் இந்திய காங்கிரஸைத் தொடங்கியபோது அவருக்கு 24 வயது. எங்களில் கனபேரின் வயதுதான். சத்திய சோதனையில் அந்தக் காலத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பவை, நிதி சேர்க்கிற எந்த மாணவர் சங்கத்துக்கும் கைநூலாக வைக்கக்கூடியவை.

ரொங்காட் என்ற ஊரில் ஒரு வியாபாரி 6 பவுண் தருவார் என்று எதிர்பார்த்துப் போனார்கள். அவர் 3 பவுணுக்கு மேல் தரமாட்டேன் என்றார். அதை வாங்கிக்கொண்டு போனால் மற்ற எல்லாரும் பாதிதான் தருவார்கள். எனவே சாப்பிடாமல் இரவு முழுக்க அவர் வீட்டிலேயே குந்தியிருந்தார்கள். விடியப்புறம் அவர் 6 பவுணையும் தந்து, எல்லாருக்கும் சாப்பாடும் போட்டார். அடுத்தது கணக்கு. வந்த சின்னத் தொகைக்குக்கூடப் பற்றுச்சீட்டு குடுத்தார்கள். சரியான கணக்கு இல்லாத பொது அமைப்பு கெட்டுப்போகும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்.

இன்னொரு விஷயத்தை அவர் மறைக்காமல் எழுதுகிறார். அந்தக் காங்கிரஸின் சந்தா ஏழைகளுக்கு எட்டாத தொகை. ஆகவே ஒப்பந்தக் கூலிகளாகப் போன மக்கள் அதில் உறுப்பினராக இருக்கவில்லை. எசமான் அடித்துப் பல்லுடைந்து, இரத்தத்தோடு, கிழிந்த உடுப்போடு ஒரு கூலித் தொழிலாளி அவர் முன் வந்து நின்ற பிறகுதான் அந்த உலகத்தோடு அவருக்குத் தொடர்பு வந்தது. அந்தத் தொழிலாளி ஒரு தமிழர், பெயர் பாலசுந்தரம். காசு குடுக்கக்கூடியவர்களை மட்டும் சேர்த்தால், ஆருக்காக அமைப்பு இருக்கவேண்டுமோ அவர்களே வெளியில் நிற்பார்கள் என்பதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எங்கட இன்றைய நிலைமைக்கு நேராக வந்து நிற்கிறது அவருடைய மற்றொரு முடிவு. பொது அமைப்புகள் நிரந்தர நிதியில் ஓடக்கூடாது என்கிறார். வாடகைக் காசும் வட்டிக் காசும் வரத் தொடங்கினால், சனம் என்ன நினைக்குது என்ற கவலை அமைப்புக்கு இல்லாமல் போய்விடும். வருஷா வருஷம் சனத்திட்டப் போய்க் கேட்கவேண்டி இருந்தால், சனத்துக்குப் பிடிக்காத வேலையைத் தொடரவே ஏலாது. அதாவது காசு கேட்கப் போறது என்பது கணக்குக் காட்டப் போறதும்தான்.

தூரத்து ஏழையும் பக்கத்து ஏழையும்

1927இன் கதையில் ஒரு நெருடல் இருக்கு. அதைத் தாண்டிப் போகக்கூடாது. மாணவர்கள் கடல் கடந்த ஏழைக்குக் காசு சேர்த்த அதே நேரம், யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்குள் போகவும், பள்ளிக்கூடத்தில் வாங்கில் சமமாக இருக்கவும் எங்கட சனத்தில் ஒரு பகுதிக்கு உரிமை இருக்கவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குக் காசு குடுக்கிறது லேசு. பக்கத்தில் இருக்கிறவனுக்கு இடம் குடுக்கிறதுதான் கஷ்டம்.

காந்தி யாழ்ப்பாண மேடைகளில் தீண்டாமையைப் பற்றியும் பேசினார். மாணவர் காங்கிரஸும் அந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. கொஞ்சக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் குடுக்கும் பிரச்சினை வந்தபோது அதுக்கு ஆதரவாக நின்றது. அந்தக் காலத்தில் எதிர்ப்பாளர்கள் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்ததும் நடந்தது. அப்படியான ஊரில் சம ஆசனத்துக்கு ஆதரவாக நிற்கத் துணிவு மட்டும் போதாது, ஊர் ஊராக ஆட்களைத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

கொழும்பில் பூவரசம்பூ

'காசு எங்கே போகுது?' என்ற கேள்வியை இன்னும் நேரடியாகக் கேட்டவர்கள் தெற்கில் இருந்தார்கள். முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11இல் பொப்பிப் பூ விற்பார்கள். பிரித்தானியாவைப் போலவே இலங்கையிலும் பாடசாலைகள், கந்தோர்கள் எல்லாம் வாங்கும். சேர்ந்த காசில் பெரும் பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. போருக்குப் போய்வந்த இலங்கையருக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். இதை எதிர்த்து 1931இல் ஏலியன் பெரேரா மாற்றுப் பூ ஒன்றை விற்கத் தொடங்கினார். 1933இல் தென் கொழும்பு வாலிபர் கழகம் அந்த வேலையைக் கையில் எடுத்தது. அதுதான் சூரிய மல் இயக்கம். அதன் தலைவியாக வந்தவர் டொரீன் யங், பிற்காலத்தில் டொரீன் விக்கிரமசிங்க. இங்கிலாந்தில் பிறந்து, இங்கே வந்து படிப்பித்த பெண்.

சூரிய மல் என்றால் வேறொன்றும் இல்லை, எங்கட வேலிகளில் நிற்கிற பூவரசின் மஞ்சள் பூதான். அதே நாளில், அதே தெருவில், பொப்பிக்குப் பக்கத்தில் நின்று இளைஞர்கள் இந்தப் பூவை விற்றார்கள். வாங்க வருகிற ஒவ்வொருவரும் எந்தப் பூவைச் சட்டையில் குத்துவது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டி வந்தது. அந்த யோசனைதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒரு பூ விற்பனை ஏகாதிபத்தியம் பற்றிய பொதுப் பாடமாக மாறியது அப்படித்தான்.

என்ன மிஞ்சியது?

1934இன் இறுதியில் மலேரியா நாட்டை அள்ளிக்கொண்டு போனது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அப்போது கேகாலைப் பக்கக் கிராமங்களில் மருந்தும் உணவும் கொண்டு இறங்கியவர்களில் சூரிய மல் தொண்டர்களும் இருந்தார்கள். ஆட்களைச் சேர்க்கவும், வேலை பிரிக்கவும், தெரியாத வீட்டுப் படலையைத் தட்டவும் அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள். அந்த வட்டத்தில் இருந்துதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானது.

வடக்கிலும் அப்படித்தான். காந்தி வந்துபோய் நாலு வருஷத்தில், 1931இல், டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் தேர்தல் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுப் போடவில்லை. அந்தப் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்ற விவாதம் இன்றைக்கும் முடியவில்லை. சர்வஜன வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலிலேயே வெளியில் நின்றது நட்டம் என்கிறவர்களிடமும் நியாயம் இருக்கு. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த ஆட்களின் ஒரு அமைப்பு, ஒரு குடாநாடு முழுவதையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. 1927இல் ஊரெல்லாம் போய்ச் சேர்த்த அறிமுகம் இல்லாமல் அது நடந்திருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை.

எங்களுக்கு

ஆகவே நிதி சேர்ப்பை 'நிகழ்வுக்கு முந்தின தொல்லை' என்று பார்க்காமல், அதையே மாணவர்களுக்குப் படிப்பிக்க வேண்டிய வேலையாகப் பார்ப்போம். பாடசாலை மன்றங்களுக்கும் கம்பஸ் சங்கங்களுக்கும் எங்களிடம் இருக்கிற யோசனைகள் இவை.

பெரிய தொகை ஒன்றை ஒருவரிடம் வாங்குவதை விட, நூறு ரூபாயை ஐந்நூறு பேரிடம் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஐம்பதாயிரம்தான். ஆனால் இரண்டாவதில் ஐந்நூறு பேருக்கு எங்கட வேலை என்னவென்று விளங்கியிருக்கும், நாங்களும் ஐந்நூறு கேள்விக்குப் பதில் சொல்லியிருப்போம். வெளிநாட்டுக் காசு வந்தால் வரட்டும், அதுக்குச் சமமாக ஊரிலும் ஒரு பங்கு சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாம்.

பொருளாளர் வேலையை வருஷா வருஷம் இளைய மாணவர் ஒருவருக்குக் குடுத்துப் பழக்க வேண்டும். ஐம்பது ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு. நிகழ்வு முடிந்து ஒரு கிழமைக்குள் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஆருக்காகச் சேர்க்கிறோமோ அவர்களும் திட்டமிடுகிற மேசையில் இருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைக்குக் கொப்பி குடுக்கப் போறோம் என்றால், கொப்பிதான் வேணுமா என்று அந்தப் பாடசாலைப் பிள்ளைகளிடம் முதலில் கேட்க வேண்டும். குடுக்கிற நேரம் அவர்களைப் பிடித்து நிறுத்திப் படம் எடுக்கத் தேவையில்லை. அவர்களால் ஏலுமென்றால் அவர்களும் சேர்க்க வரட்டும், இருபது ரூபாயோ ஒரு பிடி அரிசியோ போடட்டும். நேட்டாலில் பாலசுந்தரத்துக்கு இல்லாத இடம் இங்கே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. காசு கேட்கப் போகிற இடங்களின் பட்டியலை எடுத்து, எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு அதில் இல்லை என்று பாருங்கள். ஒவ்வொரு ஊரிலும் அப்படி விடுபட்ட ஒரு தெரு இருக்கும். அது ஏன் விடுபட்டது என்று கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். அடுத்த முறை முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.