இரத்மலானையின் சிறு விமானங்களும் விமானம் ஏறாத பொதுமக்களும்

1935 நவம்பர் 27 அன்று, கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானம் தரையிறங்கியது. டி ஹவிலண்ட் நிறுவனத்தின் ‘பஸ் மொத்’ வகை. ஒற்றை இயந்திரம், இரண்டு மூன்று பேருக்கு மேல் இடமில்லை. அதைச் செலுத்தி வந்தவர் டின்டேல் பிஸ்கோ, மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர். இந்த விமான நிலையத்தின் வரலாறு, இவ்வாறு ஒரு பறப்புக் கழக ஆசிரியரின் சிறு விமானத்தோடு தொடங்குகிறது.

இன்றும் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெஹிவளை, கல்கிசை தாண்டிச் செல்லும் பஸ் பயணிகள், தலைக்கு மேலே தாழப் பறக்கும் பயிற்சி விமானங்களைக் காண்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அவற்றில் ஒருநாளும் ஏறப்போவதில்லை. வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குக்காக நகரத்தின் நடுவே இவ்வளவு நிலத்தை ஏன் ஒதுக்க வேண்டும் என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழுவது இயல்பு. அக்கேள்விக்கு முறையான விடை தேவை. சிறு விமானப் பறப்பின் பயனைப் பயணிகளின் எண்ணிக்கையால் அளப்பது பிழை என்பதும், அதன் பெரும்பயன் விமானம் ஏறாதவர்களையே சென்றடைகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையில், அட்டவணைச் சேவைகளும் கட்டணத்துக்கு ஆட்களையும் பொருட்களையும் ஏற்றும் சேவைகளும் நீங்கலான சிவில் பறப்பே ‘பொது வான்பறப்பு’. இலங்கை போன்ற சிறு நாட்டில் இந்த எல்லைக்கோடு தெளிவாக நிற்பதில்லை. ஒரே ஓடுபாதையைப் பயிற்சி மாணவரும், வாடகை விமானமும், விமானப்படையின் இலகு ரகப் போக்குவரத்து அணியும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே இங்கு ‘சிறு விமானப் பறப்பு’ என்ற சொல் சற்று விரிந்த பொருளில் ஆளப்படுகிறது.

நாற்றங்கால்

பெரிய விமான சேவைகள் எங்கும் திடீரென முளைத்தவை அல்ல. 1929 பெப்ரவரியில் பம்பாய்ப் பறப்புக் கழகத்தில் உரிமம் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, 1932 ஒக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு பஸ் மொத் விமானத்தில் அஞ்சல் பைகளைக் கொண்டுவந்தார். இரத்மலானையில் முதலில் இறங்கியதும் அதே வகை விமானம்தான். 1938 இல் டாட்டாவின் அஞ்சல் சேவை கொழும்புவரை நீண்டது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதலாவது டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குப் பறந்தது. ஒரு பயிற்றுநர் தெற்கே வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு நாட்டின் விமான சேவை அவர் புறப்பட்டு வந்த நகரத்தை நோக்கி வடக்கே போனது.

சிறு விமானத்துக்கும் பெரிய சேவைக்கும் இடையிலான அந்தத் தொடர்பு இன்றும் அறுபடவில்லை. சர்வதேச விதிகளின்படி தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாக 40 மணிநேரப் பறப்பும், வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 200 மணிநேரமும், அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியாயின் 150 மணிநேரமும் வேண்டும். இந்த மணிநேரங்களைப் பெரிய ஜெட் விமானத்தில் சேர்க்க முடியாது. இரண்டு அல்லது நான்கு இருக்கைச் செஸ்னாவில்தான் சேர்க்க வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலை தேடிப் போகும் தொழிலாளி இரத்மலானையை ஒருமுறையேனும் மிதித்திருக்க மாட்டார். ஆயினும் அவரைச் சுமந்து செல்லும் விமானிகளில் பலர் முதற்பாடம் கற்ற இடம் அதுவே.

விமானிகளோடு பொறியியல் அறிவும் இந்த நாற்றங்காலில் வளர்ந்தது. ரே விஜேவர்தன (1924–2010) இதற்குத் தக்க சான்று. கேம்பிரிட்ஜில் பயின்ற பொறியியலாளர். இருசக்கர உழவு இயந்திர வடிவமைப்பால் அறியப்பட்டவர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர். பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். அவர் இலகு விமானங்களைத் தம் கையாலேயே வடிவமைத்து, கட்டி, பறந்தார். உழவு இயந்திரத்தில் எடையைக் குறைத்து வலுவைக் கூட்டும் கணக்கும், விமான இறக்கையில் அதையே செய்யும் கணக்கும் ஒரே சிந்தனையின் இரு முகங்கள். அத்தகைய ஒருவர் உருவாவதற்குப் பெரும் பன்னாட்டு முனையம் உதவாது. சிறு விமானம் தடையின்றி ஏறி இறங்கும் ஓடுபாதை வேண்டும்.

பாதை மூடிய காலம்

வடபகுதித் தமிழர்க்கு இரத்மலானை என்ற பெயர் வேறொரு நினைவையும் எழுப்பும். 1983 யூலை வன்செயலின்போது வீடிழந்து ஓடிவந்த ஆயிரக்கணக்கானோர்க்கு இந்த விமான நிலையத்தின் கொட்டகைகளே அகதி முகாம் ஆயின. போர் முற்றி ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்ட ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பு வர எஞ்சியிருந்த வழிகளுள் ஒன்று பலாலி–இரத்மலானை விமானப் பயணம். அதை நடத்தியவை லயன் எயார், எக்ஸ்போ போன்ற சிறு தனியார் நிறுவனங்கள். பரீட்சை எழுத வந்த மாணவர், அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளி, வெளிநாட்டு விசாவுக்காக வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறையெடுத்துக் காத்திருந்த தாய் தந்தையர் எனப் பலரும் அந்த வழியில் வந்திறங்கினார்கள்.

அந்த வழிக்குக் கொடுத்த விலையும் பெரிது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ்-24 விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அது சுட்டு வீழ்த்தப்பட்டதைப் பின்னைய விசாரணைகள் காட்டின. இத்தனை ஆபத்து இருந்தும் மக்கள் மீண்டும் விமானம் ஏறினார்கள். வேறு வழியில்லாதபோது ஒரு சேவை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடக் கடினமான சான்று இருக்க முடியாது. சாலை திறந்திருக்கும் காலத்தில் மிகையாகத் தோன்றும் ஓடுபாதை, சாலை மூடும் நாளில் உயிர்நாடியாகிறது. மூடுவது போராக இருக்கலாம். வெள்ளமாகவோ மண்சரிவாகவோ இருக்கலாம்.

வானிலிருந்து பார்க்கும் கண்

2020 செப்டம்பர் 3 அன்று, சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெய் ஏற்றிய ‘நியூ டயமண்ட்’ கப்பல் அம்பாறைக் கடலுக்கு அப்பால் தீப்பற்றியது. எண்ணெய் கரைக்கு வந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் கிழக்குக் கரையின் மீனவர். கடலில் படர்ந்த எண்ணெய்ப் படலத்தை வானிலிருந்து அவதானித்தது விமானப்படையின் பீச்கிராஃப்ட் கிங் எயார். அடிப்படையில் அது தனியாரும் நிறுவனங்களும் பயன்படுத்தவென உருவான இரட்டை இயந்திரச் சிறு விமானம். அவுஸ்திரேலியாவில் 1928 மே 17 அன்று குளோன்கறியிலிருந்து தன் முதற்பறப்பைத் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை, இன்று நோயாளரை ஏற்றிச் செல்லும் விமானங்களுள் இதே கிங் எயார் வகையும் உண்டு. ஒரே விமானம் ஓரிடத்தில் வணிகரின் வாகனம், ஓரிடத்தில் அம்புலன்ஸ், வேறோரிடத்தில் கடலின் காவற்காரன்.

2019 மார்ச் 22 அன்று மவுசாகலை நீர்த்தேக்கப் பகுதியில் செயற்கை மழை முயற்சியை மேற்கொண்டதும் ஒரு சிறு விமானமே: விமானப்படையின் வை-12. மேகங்களைத் தூண்டி எவ்வளவு மழை பெறலாம் என்பதில் அறிவியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மேகத்துக்குள் தாழ்வாக, மெதுவாகப் பறந்து இப்படியொரு முயற்சியைச் செய்து பார்க்கவே பெரிய ஜெட் உதவாது. 2020 சனவரி 3 அன்று ஹப்புத்தளையில் நால்வரோடு வீழ்ந்ததும் கண்காணிப்புப் பணியிலிருந்த ஒரு வை-12 தான். பொதுமக்களுக்காகப் பறப்போர் ஏற்கும் ஆபத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கீழே வாழ்பவர்கள்

ஓடுபாதையைச் சுற்றி வாழும் மக்களின் முறைப்பாடுகளைத் தள்ளிவிட்டு இவ்வாதத்தை நிறைவு செய்ய முடியாது. முதலாவது முறைப்பாடு இரைச்சல். ஒரே விமானம் வட்டமிட்டு மீண்டும் மீண்டும் இறங்கி ஏறும் பயிற்சி, அருகிலுள்ள பாடசாலைக்கும் வீட்டுக்கும் தொல்லைதான். கட்டுக்குருந்த, கொக்கல முதலிய ஓடுபாதைகளுக்கு இத்தகைய பயிற்சியில் கூடிய பங்கை மாற்றுவதால் அதைக் குறைக்கலாம்.

இரண்டாவது ஈயம். பிஸ்டன் இயந்திர விமானங்களுக்கான வழக்கமான பெற்றோலில் இன்னும் ஈயம் கலக்கப்படுகிறது. அதன் புகை மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என 2023 ஒக்டோபரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முறைப்படி முடிவு செய்தது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் டர்போபுரொப் இயந்திரங்களுக்கு இச்சிக்கல் இல்லை. ஆகவே இது பறப்பையே நிறுத்தக் காரணமாகாது. எரிபொருளை மாற்றும் கடமையைப் பறப்போர் மீது சுமத்துவதற்கே காரணமாகும்.

மூன்றாவது நிலம். கொழும்பின் நெருக்கடியில் இந்த நிலத்தில் வீடமைக்கலாம் என்பது வலுவான வாதம். ஆனால் ஓடுபாதை ஒருமுறை போனால் திரும்பாது. 1942 ஏப்ரல் 5 இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய நாளில், இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த தற்காலிக ஓடுபாதையிலிருந்தும் ஹரிகேன் விமானங்கள் எதிர்கொள்ளக் கிளம்பின. பந்தயத் திடலின் ஓடுபாதை மறைந்துவிட்டது. சிக்காகோவில் மெய்க்ஸ் பீல்ட் என்ற ஏரிக்கரைச் சிறு விமான நிலையத்தை 2003 மார்ச் இறுதியில் ஓர் இரவில் மாநகர நிர்வாகம் புல்டோசரால் உழுதது. அதுவும் மீளவில்லை. கட்டுநாயக்க பன்னாட்டு முனையமான பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டு சேவை இன்றியிருந்த இரத்மலானைக்கு, 2022 மார்ச் 27 அன்று மாலைதீவிலிருந்து மீண்டும் ஒரு சேவை வந்தது. ஓடுபாதை மிஞ்சியிருந்தபடியாலேயே அது முடிந்தது.

செய்யவேண்டியவை

பொதுப்பயன் என்று உரிமை கோரும் ஒன்று பொதுமக்களுக்குக் கணக்கும் காட்ட வேண்டும். பறப்பு மணிநேரம், இரைச்சல் அளவு, எரிபொருள் வகை, விபத்து விசாரணை முடிவுகள் ஆகியவை மூன்று மொழிகளிலும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பயிற்சிச் செலவு சாதாரணச் சம்பளக்காரக் குடும்பத்துக்கு எட்டாததாக இருக்கும்வரை, ‘வசதியானவர்களின் விளையாட்டு’ என்ற குற்றச்சாட்டு நீங்காது. அரச பாடசாலை மாணவருக்கு, குறிப்பாகப் பலாலிக்கும் மட்டக்களப்புக்கும் அருகே படிக்கும் தமிழ்மொழி மூல மாணவருக்கு, பறப்புப் புலமைப்பரிசில் வேண்டும். பலாலி, மட்டக்களப்பு ஓடுபாதைகள் அவசர மருத்துவப் போக்குவரத்துக்கு எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். நகர அபிவிருத்தித் திட்டங்களில் இரத்மலானை ஓடுபாதையும் அதன் இரு முனைகளின் வான்வெளியும் சட்டப் பாதுகாப்புப் பெற வேண்டும்.

2019 நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து பலாலிக்குப் பயணிகள் சேவை தொடங்கியது. 1947 இன் பாதையில் பாதி அவ்வாறு திறந்தது. மறுபாதியான பலாலி–இரத்மலானை, பருவத்துக்குப் பருவம் தோன்றி மறையாத ஒழுங்கான சிறு விமான சேவையாக நிலைபெறுவதற்கு அரசாங்கமும் விமான நிறுவனங்களும் இப்போதே பொறுப்பேற்க வேண்டும்.